அக்கரை சென்ற ஆசிரியை

ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஏரியாகிய விக்டோரியாவின் தென்பகுதியில் உக்கெரெவே என்றொரு தீவு உண்டு. அவ்வேரியின் தீவுகளுள் அதுவே பெரியது. மீன்பிடித்தலும் வேளாண்மையும் அம்மக்களின் வாழ்வு. வெளியுலகைக் காண விரும்புவோர் நீரைக் கடந்தாக வேண்டும். அந்த நீரோ எப்போதும் இரக்கம் காட்டுவதில்லை. 2018 செப்டம்பர் 20 அன்று, உக்கெரெவேயிலிருந்து அருகிலுள்ள உக்காரா தீவுக்குச் சென்ற பயணிகள் கப்பல் கரையை நெருங்கிய வேளையில் கவிழ்ந்து, 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இத்தீவில் 1945 செப்டம்பர் 13 அன்று பிறந்தவர் ஜெர்த்ரூத் மொங்கெல்லா. பின்னாளில் 189 நாடுகளின் அரசுகள் கூடிய உலக மாநாட்டின் பொதுச்செயலராக விளங்கியவர் இவரே. தீவிலிருந்து அந்த மேடைவரை அவர் கடந்து சென்ற வழியைத் திருச்சபையின் மக்களாகிய நாம் எண்ணிப் பார்ப்பது தகும். ஏனெனில் அவ்வழியின் தொடக்கத்தில் திருச்சபை நின்றது, நடுவிலும் நின்றது.

பன்னிரண்டு வயதில் அச்சிறுமி தீவை விட்டுப் புறப்பட்டாள். நாட்டின் மறுகோடியில், உலுகுரு மலையடிவாரத்திலுள்ள மொரோகோரோ நகரில் மேரிநோல் அருட்சகோதரிகள் நடத்திய பள்ளி அவளை ஏற்றுக்கொண்டது. பெண்பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி எட்டாக் கனியாயிருந்த காலம் அது. தாங்கனிக்கா என்று அன்று அழைக்கப்பட்ட அந்நாடு, ஐக்கிய நாடுகள் மன்றத்தின் பொறுப்பாட்சிப் பகுதியாகப் பிரித்தானியரின் ஆளுகையில் இருந்தது. எந்த மன்றம் தன் நாட்டைப் பிறர் பொறுப்பில் விட்டிருந்ததோ, அதே மன்றத்தின் உயர் அலுவலராகத் தான் அமரவிருப்பதை அச்சிறுமி அறிந்திருக்க வழியில்லை.

1961-இல் நாடு விடுதலை பெற்றது. முதல் தலைவரான ஜூலியஸ் நியெரேரே ஒரு கத்தோலிக்கர், ஆசிரியராயிருந்தவர். மக்கள் அவரை ‘ஆசான்’ என்றே அழைத்தனர். அவருடைய புனிதர் பட்டத்திற்கான முயற்சிகள் 2005-இல் தொடங்கப்பெற்றன. அந்த ஆசானின் நாட்டில் மொங்கெல்லாவும் ஆசிரியையானார். 1970-இல் டார் எஸ் சலாமில் கல்வியியலில் பட்டம் பெற்று, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தார்; பின்னர்ப் பள்ளிகளுக்கான பாடத்திட்டம் வகுக்கும் பணியை ஏற்றார். 1975-இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சட்டப் பேரவையிலும், 1980-இல் தான்சானிய நாடாளுமன்றத்திலும் இடம்பெற்றார். 1985 முதல் 1987 வரை நிலம், இயற்கை வளம், சுற்றுலா ஆகியவற்றின் அமைச்சராயிருந்தார். அதே 1985-இல் நைரோபியில் நடைபெற்ற மூன்றாம் உலகப் பெண்கள் மாநாட்டின் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார்.

நம் நாட்டுக்கும் அவர் வந்ததுண்டு. 1991-இல் தான்சானியாவின் தூதராகப் புது தில்லியில் பொறுப்பேற்றார். ஆயினும் நெடுநாள் தங்க இயலவில்லை. 1995-இல் பெய்ஜிங்கில் கூடவிருந்த நான்காம் உலகப் பெண்கள் மாநாட்டை ஆயத்தப்படுத்தி நடத்தும் பொறுப்பை ஐ.நா. அவரிடம் ஒப்படைத்தது.

1995 செப்டம்பர் 4 முதல் 15 வரை நடைபெற்ற அம்மாநாட்டில் சுமார் 17,000 பேர் பங்கேற்றனர். அருகிலிருந்த ஹுவாய்ரோ என்னும் ஊரில் தன்னார்வ அமைப்புகளைச் சேர்ந்த ஏறத்தாழ 30,000 பேர் தனியே கூடினர். வறுமை, கல்வி, நலவாழ்வு, வன்முறை, போர், பொருளாதாரம், அதிகாரத்தில் பங்கு, பெண் குழந்தை எனப் பன்னிரண்டு துறைகள் ஆராயப்பட்டன. புரட்சியொன்று தொடங்கிவிட்டது, இனிப் பின்வாங்குவதற்கில்லை என்னும் கருத்தை மொங்கெல்லா அங்கு அழுத்தமாக எடுத்துரைத்தார். அன்றுமுதல் ஆப்பிரிக்க மக்கள் அவரை ‘மாமா பெய்ஜிங்’ என்றழைத்தனர். நமக்கு மாமா என்றால் தாயின் உடன்பிறந்தவர். சுவாகிலி மொழியிலோ அச்சொல் தாயையே குறிக்கும்.

அம்மாநாட்டைச் சுற்றி எழுந்த கருத்து மோதலை நாம் மறைக்க வேண்டியதில்லை. கருவிலுள்ள உயிர், குடும்பம், தாய்மை ஆகியவை பற்றி வரைவு ஆவணம் பேசிய முறை திருப்பீடத்துக்குக் கவலையளித்தது. ஆவணத்தின் சொற்களை முடிவு செய்வோர் அரசுகளின் பேராளர்கள். அவர்கள் அனைவரையும் ஒரே மேசையைச் சுற்றி அமரவைப்பதே பொதுச்செயலரின் கடமை. அம்மேசையைக் காத்த கரங்கள் ஒரு கத்தோலிக்கப் பெண்ணின் கரங்கள்.

திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் இச்சூழலில் என்ன செய்தார்? மாநாட்டைப் புறக்கணிக்கவில்லை. 1995 மே 26 அன்று மொங்கெல்லாவைச் சந்தித்துத் தம் எண்ணங்களை எழுத்து வடிவில் அவரிடம் அளித்தார். ஜூன் 29 அன்று உலகப் பெண்கள் அனைவருக்கும் மடல் வரைந்தார். வரலாற்றில் பெண்களின் மாண்பு சிதைக்கப்பட்டதில் திருச்சபையின் மக்களுக்கும் பங்குண்டு என்பதை ஏற்று, அதற்காக அம்மடலில் வருந்தினார். பெய்ஜிங்குக்குச் சென்ற திருப்பீடக் குழுவுக்குச் சட்டப் பேராசிரியை மேரி ஆன் கிளெண்டனைத் தலைவராக்கினார். திருப்பீடத்தின் குழுவொன்றுக்குப் பெண் தலைமை தாங்கியது அதுவே முதன்முறை. மாநாட்டின் முடிவில் அக்குழு, நலவாழ்வு பற்றிய பகுதி முதலானவற்றில் தன் மறுப்பைப் பதிவு செய்தது. வறுமை, கல்வி, வன்முறை பற்றிய பகுதிகளில் நன்மையானவற்றை மனமுவந்து ஏற்றது.

நாமோ மறுப்பை நினைவில் வைத்தோம், ஏற்றதை மறந்தோம். பெய்ஜிங் என்றவுடன் கருக்கலைப்புச் சர்ச்சை மட்டுமே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகின்றது. மாநாட்டுக்குச் சில நாள்களுக்கு முன், ஆகஸ்டு 29 அன்று, திருத்தந்தை தம் குழுவிடம் கூறியது எத்தனை பேருக்குத் தெரியும்? உலகெங்குமுள்ள திருச்சபையின் 3,00,000-க்கும் மேற்பட்ட கல்வி, மருத்துவ, சமூக நிறுவனங்கள், சிறுமியருக்கும் இளம் பெண்களுக்கும், அவர்களுள்ளும் மிக வறியவர்களுக்கு, முதலிடம் தர வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். உலகின் முன் வைக்கப்பட்ட அந்த உறுதிமொழி நம் பெயராலும் வைக்கப்பட்டதன்றோ? மொரோகோரோவில் அருட்சகோதரிகள் நாற்பதாண்டுகளுக்கு முன் செய்ததும் அதுதானே!

பொதுநிலையினரின் உலகப் பணியைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் திருச்சங்கம் 1965-இல் தெளிவாகப் போதித்தது. எழுகின்ற ஒவ்வொரு சிக்கலுக்கும் மேய்ப்பர்களிடம் ஆயத்தமான விடை இருக்கும் என்று பொதுநிலையினர் எண்ணலாகாது. திருச்சபையின் போதனைக்குச் செவிமடுத்து, கிறிஸ்தவ ஞானத்தின் ஒளியில் தம் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும் என்பது ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் கொள்கைத் திரட்டின் கருத்து. குருக்களாகிய நாம் பீடத்திலிருந்து எளிதாகக் கூறிவிடக்கூடிய சொற்கள் இவை. நூற்றுக்கு மேற்பட்ட அரசுகளின் நடுவில் அமர்ந்து அவற்றை வாழ்வது எளிதன்று.

பெய்ஜிங்குக்குப் பின் மொங்கெல்லா பட்டங்களோடு ஓய்ந்திருக்கவில்லை. ஐ.நா. பணி முடிந்ததும் தாயகம் திரும்பி, 2000-இல் தம் உக்கெரெவே மக்களின் உறுப்பினராக மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். 2004 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுமைக்குமான நாடாளுமன்றம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகத் தேர்வு பெற்று, 2009 வரை அப்பொறுப்பை வகித்தார். ஒவ்வொரு நாடும் அனுப்பும் ஐந்து உறுப்பினருள் ஒருவரேனும் பெண்ணாயிருக்க வேண்டும் என்பது அம்மன்றத்தின் விதி. சட்டம் இயற்றும் அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை; ஆலோசனை கூறவே இயலும். அதிகாரம் குறைந்த அவையை அமைத்து நடத்துவதும் ஓர் ஆசிரியைக்குரிய பொறுமையைக் கேட்கும் பணியே.

மாலை வேளையில் ஆண்டவர் தம் சீடரை ஏரியின் அக்கரைக்கு அழைத்ததை நாம் அறிவோம். வழியில் புயல் உண்டு என்பதற்காக அவர் பயணத்தைத் தள்ளிவைக்கவில்லை. நம் பெண்மக்கள் பொதுவாழ்வுக்குச் செல்வதைத் தடுப்பதற்கு நாமும் அடிக்கடி புயலையே காரணம் காட்டுகிறோம். அரசியல் அழுக்கானது, உலகம் ஆபத்தானது என்கிறோம். ஒரு தீவுச் சிறுமியைக் கரையேற்றிக் கற்பித்த அருட்சகோதரிகளும் அந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர்.

1995-இல் நம் பெயரால் தரப்பட்ட வாக்கு இன்னும் நம்மைக் கேள்வி கேட்கின்றது. அதை நாம் காத்தோமா என்பதற்கு நம் மறையுரைகள் சான்றாகா. நம் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளின் பெயர்கள் எத்தனை, நம் பங்குப் பேரவையில் முடிவெடுக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்போம். விடை அங்கே இருக்கும்.