மடலின் உரிமையும் மன்றின் ஒழுக்கமும்

ஒருவர் எமக்கெனத் தனியே எழுதிய மடலை அவரது இசைவின்றிப் பலர் முன் வைத்தல் தகுமா? மின்னஞ்சற் குழுக்களில் எழும் இவ்வினா கணினிக்கு மிக முற்பட்டதாகும்.

1741இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப், தம் கடிதங்களை அனுமதியின்றி அச்சிட்ட எட்மண்ட் கேர்ள் என்னும் நூல் வணிகர்மீது வழக்குத் தொடுத்தார். பெற்றவருக்குக் கடிதத்தாள் உரியதாகலாம். வெளியிடும் உரிமையோ எழுதியவருக்கே உரியது என ஹாட்விக் பிரபு தீர்ப்பளித்தார். அந்நியாயத்தின்படியே போப் எழுதிய கடிதங்களுக்குத் தடை கிட்டியது. ஜோனதன் சுவிஃப்ற் முதலானோர் அவருக்கு எழுதியவற்றுக்குக் கிட்டவில்லை. ஏனெனில், அவற்றுக்கு அவர் பெறுநர் மாத்திரமே.

இரண்டரை நூற்றாண்டின் பின், 1995 ஒக்டோபரில், ஆர்.எப்.சி. 1855 என்னும் வலையொழுக்க ஆவணம் வெளிவந்தது. தனிமடலைக் குழுவில் இடுமுன் எழுதியவரின் அனுமதியைக் கேட்குமாறும், அஞ்சலட்டையில் எழுதத் தகாததை மின்னஞ்சலிலும் எழுதாதிருக்குமாறும் அது அறிவுறுத்திற்று.

முன்னையது நீதிமன்றின் ஆணை. பின்னையதோ ஒறுக்கும் அதிகாரமற்ற அறிவுரை. எனினும் அதனை மீறுவதால் விளையும் இழப்புச் சிறிதன்று. நம்பி எழுதியவர் மீண்டும் மனந்திறந்து எழுதார். அதனைக் கண்ட ஏனையோரும் எழுதத் தயங்குவர். கருத்தாடலுக்கெனக் கூடிய மன்று அவ்வாறே மௌனமாகிவிடும்.