சந்தேகமே சாட்சியான கதை: பெங்களூருவில் பாலியல் சிறுபான்மையினர் உரிமைகளும் முத்திரை குத்தலின் விளைவுகளும்

2013 டிசம்பர் 11 அன்று சுரேஷ் குமார் கௌஷல் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் ஓர் எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டியது. 150 ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரப்பட்டவர்கள், வெளிவந்த தீர்ப்புகளின்படி, 200 பேருக்கும் குறைவு. பாதிக்கப்படுவோர் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர். ஆகவே அந்தப் பிரிவை நீக்கக் காரணமில்லை என்று முடிவுக்கு வந்தது. கணக்கில் பிழையில்லை. ஆனால் எதை எண்ண வேண்டுமோ அதை நீதிமன்றம் எண்ணவில்லை. தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கையரும் பட்ட துன்பம் பெரும்பாலும் நீதிமன்றப் படியேறவே இல்லை. அது பூங்காவில், காவல் நிலையத்தில், வாடகை வீட்டில், மனநல மருத்துவரின் அறையில் நடந்து முடிந்தது. அங்கெல்லாம் குற்றப்பத்திரிகை தேவைப்படவில்லை. ‘இவர்கள் இப்படிப்பட்டவர்கள்’ என்ற முன்முடிவே போதுமானதாக இருந்தது. அந்த முன்முடிவு எப்படி ஆட்சியின் கருவியானது, அதை எதிர்த்து எப்படிப்பட்ட போராட்டம் நடந்தது என்பதைப் பெங்களூருவின் கடந்த முப்பது ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

அதற்கு முன் சற்றுப் பின்னே போக வேண்டும். 377ஆம் பிரிவு 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்தது. அது செயலைக் குற்றமாக்கியது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. அதன் இரண்டாம் பகுதி ஆளையே குற்றவாளியாக்கியது. குழந்தைகளைக் கடத்துவதாகவோ ஆணுறுப்பை அறுப்பதாகவோ, 377இன் கீழ் குற்றம் புரிவதாகவோ சந்தேகிக்கப்படும், ஹிஜ்ராக்கள் எனப்படும் திருநங்கைச் சமூகத்தவரின் பெயரையும் வசிப்பிடத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவானவர் பெண்ணுடையில் தெருவில் தென்பட்டால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். இரண்டாண்டு வரை சிறையிலிடலாம். அவர் உயில் எழுத முடியாது, பிள்ளையைத் தத்தெடுக்க முடியாது. முதலில் வட இந்தியப் பகுதிகளில்தான் இச்சட்டம் அமலானது. 1919இல் நிஜாமின் ஹைதராபாத்தும் இதே போக்கில் தனிச் சட்டம் செய்துகொண்டது. ‘பிள்ளை பிடிப்பவர்கள்’ என்ற ஊர்ப்பேச்சு இப்படித்தான் அரசாணையின் மொழிக்குள் நுழைந்தது. விடுதலைக்குப் பின் குற்றப் பரம்பரையினர் சட்டம் ரத்தானது. பேச்சு ரத்தாகவில்லை.

பெங்களூருவில் தன்பாலீர்ப்பாளர்கள் ஓர் அமைப்பாகக் கூடத் தொடங்கியது 1994இல், ‘குட் ஆஸ் யூ’ என்ற ஆதரவுக் குழுவின் வழியாக. வியாழக்கிழமைதோறும் சிலர் கூடி, வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்ல முடியாததைத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் ஆங்கிலம் பேசும், படித்த நடுத்தர வர்க்கத்தினர். அதே நகரத்தின் மெஜஸ்டிக் பேருந்து நிலையப் பகுதியிலும் கப்பன் பூங்காவிலும் வேறோர் உலகம் இருந்தது. பெண் சாயலோடு நடந்துகொண்டு, கோத்திகள் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஆண்கள், ஹமாம் எனப்படும் குளியலகங்களில் குருவின் கீழ் வாழ்ந்த ஹிஜ்ராக்கள், தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வீட்டைவிட்டு ஓடிவந்தவர்கள். 1999இல் தொடங்கப்பட்ட சங்கமா அமைப்பு இந்த இரண்டு உலகங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. முதலில் அது ஆவணங்களைச் சேகரிக்கும் மையமாக இருந்தது. பின்னர் காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பும் அமைப்பாக மாறியது. தேவைதான் அதை மாற்றியது. சுவபாவா அறக்கட்டளையும் ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரம் என்ற வழக்கறிஞர் குழுவும் தொடங்கியது இதே காலத்தில்தான். 1991இலேயே டெல்லியில் தன்பாலீர்ப்பாளர் நிலை குறித்த அறிக்கை ஒன்று வெளிவந்திருந்தது. ஆனால் உழைக்கும் வர்க்கத்துப் பாலியல் சிறுபான்மையினரையும் வழக்கறிஞர்களையும் சிவில் உரிமை இயக்கத்தையும் ஒன்றாகப் பிணைத்ததில் பெங்களூரு தனித்து நின்றது என்பது என் மதிப்பீடு.

அந்தப் பிணைப்பின் முதல் பலன், மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் கர்நாடகக் கிளை 2001இல் வெளியிட்ட உண்மையறியும் அறிக்கை. பெங்களூருவில் பாலியல் சிறுபான்மையினர் மீது நடந்த உரிமை மீறல்களை அது பதிவு செய்தது. 377ஆம் பிரிவு எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வறிக்கையைப் போல விளக்கிய ஆவணம் அதற்கு முன் அரிது. பூங்காவில் ஒருவரைக் காவலர் நிறுத்துகிறார். வழக்குப் போடுவதாக மிரட்டுகிறார். வீட்டு முகவரி கேட்கிறார். ‘உன் அப்பாவிடம் சொல்லவா, மனைவியிடம் சொல்லவா’ என்ற கேள்வி வந்ததும் கையிலுள்ள பணமும் பொருளும் கைமாறுகின்றன. வழக்கு பதிவாவதே இல்லை. உச்ச நீதிமன்றம் எண்ணிய 200க்குள் இந்த மனிதர் வரமாட்டார். ஆனால் மறுவாரமும் அதே பூங்காவில் பணம் கொடுப்பார். வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும் என்ற அச்சம்தான் இங்கே தண்டனை. அந்த அச்சத்தை உண்டாக்கியது சட்டம் மட்டுமல்ல. இத்தகையவர் வக்கிரம் பிடித்தவர் என்று சமூகம் குத்திவைத்த முத்திரை. குடும்பம், மருத்துவம், பணியிடம், ஊடகம் ஆகியவை அந்த முத்திரையை எப்படி அழுத்துகின்றன என்பதையும் அறிக்கை ஆராய்ந்தது. 2003இல் அதே கழகம், பாலியல் தொழில் செய்யும் கோத்திகளையும் ஹிஜ்ராக்களையும் பற்றி இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது. நடுத்தர வர்க்கத்துக்கு மானம் போகும் அச்சம் என்றால், இவர்களுக்கு லத்தியும் லாக்கப்பும். ஒரே சட்டம் வர்க்கத்துக்கு ஏற்ப இரண்டு விதமாகப் பாய்ந்தது.

2004 ஜூனில் நடந்த கொடுமை இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பொது இடத்தில் பெண்ணுடையில் நின்றிருந்த ஹிஜ்ரா ஒருவரை ஒரு கும்பல் கூட்டு வன்புணர்வு செய்தது. காவலர்கள் வந்தார்கள். பாதிக்கப்பட்டவரை நிலையத்துக்குக் கொண்டுபோய், நிர்வாணமாக்கி, சன்னல் கம்பியோடு விலங்கிட்டு வதைத்தார்கள். புகார் சொல்ல வேண்டியவர் குற்றவாளியாக நடத்தப்பட்டார். ஹிஜ்ராவை வன்புணர்வு செய்ய முடியாது, அவர் அதற்கென்றே நிற்பவர் என்ற நினைப்பு இல்லாமல் ஒரு காவல் நிலையம் இப்படி நடந்துகொள்ள வாய்ப்பில்லை. பாதிக்கப்பட்டவர் வாய்மூடி இருக்கவில்லை. நடந்ததைச் சொன்னார், அது எழுத்தில் ஏறியது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் நாஸ் அறக்கட்டளை தொடுத்த வழக்கில், பெங்களூரு சம்பவம் என்ற பெயரிலேயே அது முன்வைக்கப்பட்டது. 2009 ஜூலை 2 அன்று நீதிபதிகள் ஏ.பி. ஷாவும் எஸ். முரளிதரும் அளித்த தீர்ப்பில் அதற்கு இடமுண்டு. அதே தீர்ப்பு சென்னை வழக்கு ஒன்றையும் எடுத்துக்காட்டுகிறது: திருட்டுச் சந்தேகத்தில் அழைத்துச் செல்லப்பட்ட திருநங்கை ஒருவர், காவலர்களின் பாலியல் வதை தாளாமல் தீக்குளித்து இறந்தார், அதற்கு இழப்பீடு வழங்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 377ஐச் சுருக்கி வாசித்த, பின்னர் கௌஷல் வழக்கில் தள்ளப்பட்ட நாஸ் தீர்ப்பு அரசியல் சாசனத் தத்துவத்தால் மட்டும் எழுதப்பட்டதன்று. காவல் நிலையங்களில் வதைபட்டவர்களின் வாக்குமூலங்களும் அதைத் தாங்கி நின்றன.

இதற்கிடையே நகரம் சும்மா இருக்கவில்லை. 2008 ஜூன் 29 அன்று டெல்லி, கொல்கத்தாவுடன் ஒரே நாளில் பெங்களூருவிலும் முதல் வானவில் பேரணி நடந்தது. நாலு மாதம் கழியவில்லை. அக்டோபரில் கிரிநகர் போலீசார் ஐந்து ஹிஜ்ராக்களைக் கைது செய்தனர். விசாரிக்கப் போன சங்கமா ஊழியர்களையும் பிடித்து வைத்தனர். அதைக் கேட்கக் கூடியவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தனர். ஹிஜ்ராக்களைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர்களுக்குப் போலீசார் நெருக்கடி கொடுத்ததையும் மனித உரிமை அமைப்புகள் அப்போது பதிவு செய்தன. முத்திரை எவ்வளவு தூரம் பாயும் என்பதற்கு இது சான்று. உதவிக்குப் போனவர் மீதும் அது விழும். உரிமைப் பணியே குற்றத்துக்கு உடந்தை ஆகிவிடும்.

மிக வருந்தத்தக்க திருப்பம் 2011இல் வந்தது. கர்நாடகக் காவல் சட்டத்தில் 36ஏ என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுவர்களைக் கடத்துவதாகவோ விதை நீக்குவதாகவோ இயற்கைக்கு மாறான குற்றம் புரிவதாகவோ சந்தேகிக்கப்படும் ஹிஜ்ராக்களின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் எழுதவும், குறிப்பிட்ட செயல்களில் ஈடுபட அவர்களுக்குத் தடை விதிக்கவும் அது காவல் ஆணையருக்கு அதிகாரம் தந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் அருகில் வைத்துப் படித்தால் ஏறத்தாழ அதே வாசகம். நாஸ் தீர்ப்பு வந்து இரண்டாண்டு ஆகும் முன்பே, தகவல் தொழில்நுட்பத் தலைநகரைக் கொண்ட ஒரு மாநிலம் 140 ஆண்டுக்கு முந்தைய சந்தேகத்தைப் புதிய மையில் அச்சிட்டது. கர்நாடக பாலியல் சிறுபான்மையினர் மன்றம் உயர் நீதிமன்றம் சென்றது. உச்ச நீதிமன்றத்தின் 2014 ஏப்ரல் 15 நால்சா தீர்ப்பு மூன்றாம் பாலினத்தாரின் அடிப்படை உரிமைகளை உறுதி செய்திருந்த நிலையில், மாநில அரசு 2016இல் திருத்தம் கொண்டுவந்து, ஹிஜ்ராக்களைக் குறித்த சொல்லை எடுத்துவிட்டுப் பொதுவாக ‘நபர்’ என்று போட்டது. வழக்கு அதோடு முடிந்தது. இதை முழு வெற்றி என்று சொல்ல என்னால் இயலவில்லை. பதிவேடு வைக்கும் அதிகாரம் அப்படியே இருக்க, யார் மீது சந்தேகம் வரும் என்பதை மட்டும் காவலரின் பழக்கத்துக்கு விட்டுவிட்ட திருத்தம் இது. ஹைதராபாத்தின் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் 2023 ஜூலையில் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அறவே நீக்கியது. கர்நாடகத்தில் நடந்திருக்க வேண்டியதும் அதுவே.

மருத்துவத் துறையின் பங்கைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலும் உலக சுகாதார நிறுவனம் 1990இலும் நீக்கின. ஆல்டர்நேட்டிவ் லா ஃபோரத்தின் அரவிந்த் நாரைனும் சுவபாவாவின் வினய் சந்திரனும் பெங்களூரு மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு, ‘மாற்றிவிடலாம்’ என்று நம்பியவர்கள் அதன் பிறகும் இங்கே இருந்ததைக் காட்டியது. அதே நகரத்தின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் சேஷாத்ரி, பிற மனநல வல்லுநர்களுடன் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் தலையிட்டு, தன்பாலீர்ப்பு நோயன்று என்று எடுத்துரைத்தார். மாற்று சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது 2022இல்தான். அதற்கு வழிவகுத்தது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த சுஷ்மா வழக்கு. தன்னிடமிருந்த முன்முடிவுகளை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் 2021 ஜூன் 7இன் உத்தரவை எழுதினார். இந்திய நீதித்துறையில் அரிதான நேர்மை அது.

மேலே கண்ட முத்திரைக்கு நேர் எதிரான இன்னொரு முத்திரையும் உண்டு. காவல் நிலையத்தில் இவர்கள் கீழ்த்தரக் குற்றவாளிகள்; நீதிமன்றத்தில் அரசின் வாதத்தில் இவர்கள் மேல்தட்டு நகரவாசிகள். 2023இல் திருமண உரிமை வழக்கில், இந்தக் கோரிக்கை நகர்ப்புற மேட்டுக்குடியின் பார்வை என்று ஒன்றிய அரசு எழுத்தில் வாதிட்டது. பெங்களூருவின் ஆவணங்களைப் புரட்டியவர் எவரும் அப்படிச் சொல்ல முடியாது. 377ஐ எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் நடந்த நவ்தேஜ் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட மனுக்களில் ஒன்று இந்நகரத் திருநர் செயற்பாட்டாளர் அக்கை பத்மசாலியுடையது. அவ்வழக்கின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு, வயது வந்தோரின் சம்மத உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. திருமண உரிமை வழக்கிலும் அக்கை மனுதாரர். நாமக்கல் பகுதிக் கிராமத்திலிருந்து வந்து சங்கமாவில் பணியாற்றிய அ. ரேவதி, திருநங்கையரின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்து ‘உணர்வும் உருவமும்’ நூலைத் தமிழில் தந்தார். பின்னர் ‘வெள்ளை மொழி’ என்று தன் வரலாற்றை எழுதினார். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ கன்னடத்துக்குப் போய், பி.எஸ். லிங்கதேவரு இயக்கிய ‘நானு அவனல்ல அவளு’ படமாயிற்று. அதில் நடித்த சஞ்சாரி விஜய் தேசிய விருது பெற்றார். திரையில் கேலிப்பொருளாகவே வந்துபோன திருநங்கை முதன்மைப் பாத்திரமானதற்கு மூலம் ஒரு தமிழ்த் தன்வரலாறு. இவர்களில் யார் மேட்டுக்குடி?

2021இல் கர்நாடகம் அரசுப் பணிகளில் திருநருக்கு ஒரு விழுக்காடு இடஒதுக்கீடு அளித்தது. நாட்டிலேயே முதல் மாநிலம். காவலர் தேர்வு அறிவிப்பில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்ததை எதிர்த்துச் சங்கமா தொடுத்த வழக்கின் விளைவு இது. லாக்கப்பில் அடைக்கப்பட்ட சமூகத்தவர் அதே துறையின் சீருடைக்கு உரிமை கோரி வென்றார்கள். ஆனால் தன்பாலீர்ப்பாளருக்கு இத்தகைய பாதுகாப்பு எதுவும் இன்னும் இல்லை. தனியார் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கினாலும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னாலும், பாலீர்ப்பின் பெயரால் நடந்த பாகுபாடு என்று முறையிட இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் 2023 அக்டோபர் 17 தீர்ப்பு திருமண உரிமையையும் மறுத்துவிட்டது.

நாடாளுமன்றத்துக்காகக் காத்திராமல் மாநிலமே செய்யக்கூடியவை உண்டு. பாலியல் சிறுபான்மையினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு 2022இல் தன் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. கிரிநகரில் நடந்ததைத் தடுத்திருக்கக்கூடிய விதி அது. கர்நாடக அரசு அதே விதியைத் தன் காவல்துறைக்கும் கொண்டுவர வேண்டும். 36ஏ பிரிவை முழுமையாக நீக்க வேண்டும். வேலையிலும் வாடகை வீட்டிலும் பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்யும் சட்டத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்ற வேண்டும்.