உல்கும் சுங்கமும்

‘சுருங்கு’ என்பதே ‘சுங்கு’ ஆகிச் ‘சுங்கம்’ பிறந்தது. வணிகன் முடிப்பைச் சுருக்குவதால் அதற்கு அப்பெயர் என்று அண்மையில் ஓர் இலக்கிய மேடையில் ஒருவர் முழங்கினார். அந்தக் கொடுமையை ஒழித்ததால்தான் முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ ஆனான், அரசு தலையிடாத சந்தையை அன்றே தமிழன் கண்டுவிட்டான் என்றும் சேர்த்துக்கொண்டார். அரங்கம் கைதட்டியது. சொல் வரலாறும் பிழை, நாட்டு வரலாறும் பிழை.

ரகரம் கெட்டுச் ‘சுருங்கு’, ‘சுங்கு’ ஆகும் என்பவர் அப்படித் திரிந்த வேறு சொல் ஒன்றையாவது காட்ட வேண்டும். காட்டவில்லை. கன்னடத்தில் சுங்க, தெலுங்கில் சுங்கமு. பாலி மொழியிலும் சுங்க என்றே இருக்கிறது. வடமொழிச் ‘சுல்க’ என்பதன் பாகத வடிவம் அது. பாலி பேசியவன் நம் ‘சுருங்கு’ என்னும் வினையைக் கடன்வாங்கினான் என்று வாதிட எவரும் வரப்போவதில்லை.

தமிழில் இதற்கு மூத்த சொல் உல்கு. அதுவும் சுல்கமே; முதற் சகரம் கெட்டு வந்தது. சபா அவை ஆனது, சந்தியா அந்தி ஆனது, சிரவிஷ்டா அவிட்டம் ஆனது, சிராவணம் ஆவணி ஆனது, சகஸ்ரம் ஆயிரம் ஆனது. சீகளம் ஈழம் ஆனதும் இவ்வழியே. இத்தனை சொற்கள் ஒரே தடத்தில் நடந்திருக்க, உல்குக்கு மட்டும் தனி வேர் தேடுவது வீண் உழைப்பு. உல்கு தனித்தமிழ், வடமொழிதான் இரவல் பெற்றது என்பாருக்கு ஒரு விடை போதும். இருக்கு வேதத்தில் இச்சொல்லுக்கு ‘விலை’ என்பது பொருள். பொருள் விரிந்து கிடக்கும் இடமே தாய்வீடு; தமிழுக்கு வந்தது அதன் ஒரு கிளை.

இந்த ‘விலை’ என்ற பொருளில்தான் என் மனம் நிற்கிறது. பெண் வீட்டாருக்கு மணமகன் கொடுக்கும் பணமும் சுல்கமே. குரஜாட அப்பாராவ் 1892இல் மேடையேற்றிய தெலுங்கு நாடகத்தின் பெயர் ‘கன்யாசுல்கம்’. விலை என்றால் ஒன்றைப் பெற்றுக்கொண்டு கொடுப்பது, பறிகொடுப்பது வேறு. அப்படியானால் உல்கு கொடுத்த வணிகன் எதைப் பெற்றான்?

விடை கடியலூர் உருத்திரங்கண்ணனாரிடம் இருக்கிறது. பட்டினப்பாலையில் அவர் காட்டும் உல்கு துறைமுகத்தில் வாங்குவது. கதிரவன் தேர்க்குதிரைகள் போல் மடியாத அலுவலர், எண்ணி முடியாத பொதிகள், அவற்றின் மேல் சோழனின் புலி முத்திரை. முத்திரை விழுந்த பொதிக்குக் காவலும் உண்டு. அவரே பெரும்பாணாற்றுப்படையில் காட்டும் உல்கு நிலவழியில் வாங்குவது. கழுதை முதுகில் மிளகுப் பொதி ஏற்றிவரும் சாத்து, அவர்கள் நடக்கும் பெருவழி, அது கவர்த்துப் பிரியும் இடத்தில் வில்லேந்திய காவலர். உல்கையும் வில்லையும் புலவர் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று என்னால் ஏற்க முடியாது. ஆறலைக் கள்வரிடம் முழுப்பொதியையும் இழப்பதா, காவலுக்கு ஒரு பங்கைக் கொடுப்பதா என்பதுதான் அந்த வணிகன் முன்னிருந்த கணக்கு. வில்லை எடுத்துவிட்டால் அந்த வழியில் சந்தையே இல்லை.

வள்ளுவர் வேந்தனுக்குரியவற்றை எண்ணும் குறளிலும் (756) உறுபொருளுக்கும் தெறுபொருளுக்கும் நடுவே உல்குபொருள் நிற்கிறது. கலத்திலும் காலிலும் வரும் பண்டங்களுக்கு இறை என்று பரிமேலழகர் அதை விளக்குகிறார். உறுபொருள் என்பது உடையவர் இல்லாமையால் தானே வந்தடைவது. இதற்கும் உல்குக்கும் உள்ள வேற்றுமையைக் காண ஆந்திரக் கரைக்குப் போக வேண்டும். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244இல் மோட்டுப்பள்ளித் துறையில் வெட்டுவித்த அபய சாசனம், புயலில் கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முன்னைய அரசர்கள் பறித்ததைச் சொல்கிறது. அதை விலக்கி, வரையறுத்த சுல்கம் ஒன்றே கொள்வதாக அவன் உறுதி கூறுகிறான். பறித்தல் எது, சுல்கம் எது என்று ஓர் அரசனே எழுதிவைத்த கல் இது. இதைப் படித்தவர் சுங்கத்தைச் சுரண்டலாக்க மாட்டார்.

இனிக் குலோத்துங்கன். அவன் சுங்கம் தவிர்த்தது உண்மை. ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன் உலாவில் அதைக் கலி நீக்கியதோடு இணைத்துப் பாடுகிறார். மக்கள் அதை எவ்வளவு பெரிய நன்மையாகக் கொண்டனர் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அரசு விலகி நின்றதா? அவன் 1086இல் நாடெங்கும் நிலம் அளப்பித்தான். நிலவரி எங்கும் போய்விடவில்லை. 1077இல் எழுபத்திருவர் கொண்ட தூதுக்குழு சோழநாட்டிலிருந்து சீனம் சென்றது. 1090இல் நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்தின் ஊர்களுக்கு அவன் வரிவிலக்குக் கொடுத்தான். கடாரத்து உறவும் கடல் வணிகமும் அதனோடு பின்னிக் கிடந்தவை. இவையெல்லாம் கையைக் கட்டிக்கொண்டிருந்த அரசின் செயல்களா? சுங்கத்தைத் தவிர்க்கவும் ஆணை வேண்டும். அந்த ஆணையை ஊர்தோறும் நிலைநிறுத்தும் வலிமையும் வேண்டும்.

‘தீர்வை’ என்ற சொல்லிலும் இதே கருத்து உண்டு. தீர்ப்பது என்றால் கணக்கை முடிப்பது. கடன் ஒன்று இருந்தால்தானே தீர்க்க முடியும்? இலங்கைத் தமிழர் இன்றும் தீர்வை என்று இயல்பாகச் சொல்கிறார்கள். நாம் அதைச் சட்டப் புத்தகத்துக்குள் ஒதுக்கிவிட்டோம். கோயம்புத்தூரிலோ சுங்கம் என்பது ஓர் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

உல்கு நம்மிடம் ஏட்டின் வழி வரவில்லை என்பது என் துணிபு. பெருவழியில் பொதி இறக்கிய வடபுல வணிகன் வாயிலிருந்தே வந்தது. அவன் அதை விலை என்ற பொருளில்தான் சொன்னான். வில்லைத் தாங்கி நின்ற நம் காவலனும் அப்படித்தான் புரிந்துகொண்டான்.