நம் மண்ணைப் பார்க்க வந்த கருவிகள்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வயல் உள்ளவர்கள் பொறுமையாக வாசியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வாப்பாமாருக்கு ஃபோனில் வாசித்துக் காட்டுங்கள்.

திருகோணமலை வரலாறு என்று யாராவது எழுதத் தொடங்கினால் துறைமுகம் வரும், கோட்டை வரும், சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் வரும், 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டது வரும். 1660இல் றொபட் நொக்ஸ் கொட்டியாரத்தில் பிடிபட்ட கதையும் வரும். கப்பல் வந்த பக்கம் எல்லாம் எழுதியாகிவிட்டது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் தெரிகிற வயலைப் பற்றி, அந்த மண்ணை மனிதர் எந்தக் கருவியால் பார்த்தார்கள் என்பதைப் பற்றி யாரும் எழுதியதை நான் அதிகம் கண்டதில்லை.

முதல் கருவி மண்வெட்டியும் கையும்தான். பயிர் மஞ்சளித்தால் நம் விவசாயி ஒரு நாற்றைப் பிடுங்கி, வக்கடைத் தண்ணீரில் கழுவி வேரைப் பார்ப்பார். செங்கபில நிறமாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நெல்வேர் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் ஒட்சிசனை விடும். மண்ணிலுள்ள இரும்பு அதில் துருப்பிடித்து வேரில் படிவதுதான் அந்த நிறம். வேர் கறுத்து, கூழ்முட்டை மணம் அடித்தால் தண்ணீர் அதிக நாள் தேங்கி ஐதரசன் சல்பைட்டு உண்டாகிவிட்டது, வயலை வடியவிட வேண்டும். இரசாயனம் படிக்காதவர்கள் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அலவாங்கைக் குத்திப் பார்ப்பதும் இதே வகைதான். சேற்றுழவு வருடக்கணக்கில் நடந்தால் ஓர் அடிக்குள்ளேயே இறுகிய படை ஒன்று உருவாகும். அது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் பிடுங்கினால் பாதி வேர் மண்ணோடு போய்விடும். வெளிநாட்டு ஆய்வாளர்களுக்கும் இதுதான் தொல்லை. அமெரிக்காவில் நெப்ராஸ்காவில் ஜோன் வீவர் என்பவர் நூறு வருடங்களுக்கு முன் புல்வெளிகளில் ஆழமான கிடங்கு வெட்டி, உள்ளே இறங்கி, சிறு கூர்க்கருவியால் மண்ணைக் கிளறிக் கிளறி வேர்களைப் படமாக வரைந்தார். 1937இல் டிட்மர் என்பவர் பெட்டியில் நான்கு மாதம் வளர்த்த ஒரேயொரு ரை தானியச் செடியின் வேர்களைக் கணக்கிட்டு, மொத்த நீளம் 620 கிலோமீற்றர் அளவில் வருகிறது என்றார். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரையான தூரத்தை விட அது அதிகம், ஒரு செடிக்கு! அதே 1937இல் பேற்ஸ் என்பவர் மண்ணுக்குள் கண்ணாடிக் குழாயைச் செருகி, உள்ளே வளரும் வேரைச் செடியைக் கொல்லாமல் பார்க்கும் வழியை வெளியிட்டார். இன்று அதே குழாய்க்குள் கமரா இறக்குகிறார்கள்.

மலைநாட்டில் இதைவிட எளிய ஒன்று உண்டு. தேயிலையைக் கவ்வாத்து வெட்ட முன், பென்சில் பருமனான வேரை வெட்டி அயடீன் கரைசலைத் தடவிப் பார்ப்பார்கள். நன்றாகக் கருநீலம் ஆனால் மாப்பொருள் இருக்கிறது, வெட்டினாலும் செடி தாங்கும். நம் பிள்ளைகள் விஞ்ஞான அறையில் பாண் துண்டில் செய்கிற அதே சோதனைதான். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

நாடு முழுவதையும் முறையாகப் பார்த்த கருவி ஓகர். தச்சரின் துறப்பணத்தைப் பெரிதாக்கினால் அதுதான். முறுக்கி இறக்கி, இழுத்தால் ஒவ்வொரு ஆழத்து மண்ணும் ஒழுங்கு குலையாமல் வரும். அதோடு ஒரு நிறப்புத்தகம். மண் கட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எண்ணை எழுதுவார்கள். "சிவப்பு மாதிரி, ஆனா சிவப்பில்ல" என்ற பேச்சுக்கு இடமில்லை. இதை உருவாக்கிய அல்பேர்ட் மன்செல் மண் விஞ்ஞானியே இல்லை. பொஸ்டனில் சித்திர ஆசிரியர்களைப் பயிற்றும் கலாசாலையில் கற்பித்தவர். பிள்ளைகளுக்கு நிறத்தைத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எண் முறை ஒன்றை 1905இல் வெளியிட்டார். கலாசாலையில் படித்து வந்த எனக்கு இதில் தனிச் சந்தோஷம், மறைக்கவில்லை.

1961இல் உலக உணவு விவசாய நிறுவனத்தின் மூர்மனும் நமது சி. ஆர். பனபொக்கவும் இலங்கை மண் வகைகளை வகைப்படுத்தி வெளியிட்டார்கள். கரையோர மணல், மகாவலி கொண்டுவந்து கொட்டிய வண்டல், உள்ளே போகப் போகச் செங்கபில மண் என்று நம் மாவட்டமும் அந்தப் படத்தில் இருக்கிறது. கனடா உதவியோடு ஆகாயப் படங்களை வைத்து மகாவலிப் படுகையை ஆய்ந்த அறிக்கை அடுத்த வருடம் வந்தது. பெரிய வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் படம் பேராதனையிலும் கொழும்பிலும் இருந்தது. வரம்பில் நின்றவருக்கு வந்தது, "உங்கள் மாவட்டத்துக்கு ஏக்கருக்கு இவ்வளவு பசளை" என்ற ஒரே வரிதான்.

இனி உப்பு. மண்ணின் உப்பை மின்சாரத்தால் அளக்கும் முறையை 1897இலேயே அமெரிக்க விவசாயத் திணைக்களத்தில் மில்டன் விட்னி குழுவினர் வெளியிட்டார்கள். உப்பு கூடினால் மண்ணின் ஈரத்தில் மின்சாரம் இலகுவாக ஓடும், அவ்வளவுதான் தத்துவம். அன்றைய கருவி ஒரு பெட்டி. தொலைபேசிக் கேட்புக்குழாயைக் காதில் வைத்து, ஒலி அடங்கும் புள்ளியைப் பார்த்து வாசிக்க வேண்டும். இன்றைய ஈ.சி. மீற்றர் சட்டைப் பையில் பேனா மாதிரி நிற்கும். 1954இல் வந்த அமெரிக்கக் கைநூல் ஒன்று மண்சாற்றில் 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண் என்று கோடு போட்டது. பயிருக்குப் பயிர் கணக்கு வேறு: நெல் 3 வரை தாங்கும், வெங்காயத்துக்கு 1.2இலேயே விளைச்சல் குறையத் தொடங்கும். கடல் நீர் 50 அளவில் இருக்கும்.

2004 டிசம்பர் 26 அந்த 50 நம் கிணறுகளுக்குள்ளும் வயல்களுக்குள்ளும் வந்தது. எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. உயிர்களை இழந்த ஊரில் மண்ணைப் பற்றி யார் பேசுவது? பிறகு பேச வேண்டி வந்தபோது பெரியவர்கள் செய்தது மண்ணைக் கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்ததுதான். கடுமையான உப்பை நாக்கு சொல்லிவிடும். ஆனால் 1.2க்கும் 3க்கும் இடையில், அதாவது நிலாவெளி, குச்சவெளி வெங்காயமா அல்லது நெல்லா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில், அது தடுமாறும்.

கிணற்றிலும் இதே கதை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் சர்வதேச நீர் முகாமை நிறுவனம் கிணறுகளை மீற்றரால் அளந்து பார்த்தது. திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்வதால் உப்பு நாம் நினைத்தபடி இறங்கவில்லை. நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறும். உண்மையில் கழுவியது மழைதான். நல்ல மனதோடு பம்ப் போட்ட எத்தனையோ பேருக்கு ஒரு சிறிய மீற்றர் அன்று வழி சொல்லியிருக்கும்.

அடுத்து நடந்ததைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். 2005 பெரும்போகத்தில் இருந்து 50 கிலோ பசளை மூட்டை 350 ரூபாய்க்கு வந்தது. ஏழை விவசாயிக்கு அது பெரிய ஆறுதல், நானும் அந்தச் சோற்றைத் தின்றவன். ஆனால் மூட்டை அந்த விலைக்குக் கிடைத்தால் மண்ணிடம் போய் யார் கேட்பார்? கேட்கும் பழக்கமே விட்டுப்போனது. 2021 மே 6இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடுத்து வர்த்தமானி வந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள், அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. முதலாவது எல்லா வயலுக்கும் ஒரே மாதிரிப் போடு என்றது, இரண்டாவது எந்த வயலுக்கும் போடாதே என்றது. மணல் வயலையும் வண்டல் வயலையும் இரண்டுமே பிரித்துப் பார்க்கவில்லை. தடை வந்த நாளில் தன் வயலில் எவ்வளவு பொசுபரசு மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் இருந்திருந்தால், எதைத் தேடி அலைவது, எதை ஒரு போகத்துக்கு விட்டுவிடலாம் என்றாவது அவரால் முடிவெடுத்திருக்க முடியும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அடுத்த உழவுக்கு முன் ஒரு வேலை செய்ய நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். ஒரு வயலில் எட்டுப் பத்து இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோவைப் பரிசோதனைக்கு அனுப்புவது. உப்பை நாங்களே மீற்றரால் அளந்து கொப்பியில் எழுதுவது. கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் யார் வயலில் இறங்கலாம் என்று கீழே எழுதுங்கள். வீட்டு அலுமாரியில் பழைய மண் பரிசோதனைக் கடதாசி ஏதும் கிடந்தால், எந்த வருடத்தது என்றாலும் பரவாயில்லை, படம் எடுத்துப் போடுங்கள்.