எள்ளற் பாட்டும் இறைப் பாட்டும்: தோமஸ் டோர்சியின் இசை வாழ்வு

அமெரிக்கக் கறுப்பின மக்களின் நற்செய்தி இசைக்குத் தந்தை எனப் போற்றப்படும் தோமஸ் டோர்சி (1899-1993), நகைச்சுவைப் பாடல்களாற் புகழீட்டியவர். பெருந்துயரொன்றால் மனந்திரும்பி ஒரே நாளில் உலகியற் பாட்டைத் துறந்தவராக அவரைக் காட்டுவது பொதுவழக்கு. ஆயின், அவரது வாழ்வின் ஆண்டு வரிசை இக்கருத்துக்கு இடந்தருவதன்று.

ஜோர்ஜியா மாநிலத்தின் வில்லா றிக்காவிற் பிறந்த டோர்சியின் தந்தை சமயபோதகர். தாய் ஓர்கன் வாசித்தவர். அற்லான்ராவின் கேளிக்கை விடுதிகளிற் பியானோ பயின்ற அவர், சிக்காகோவிற் குடியேறி, 1924இல் புளூஸ் பாடகி மா றெயினியின் வாத்தியக் குழுவை நடத்தினார். 1928இல் 'ஜோர்ஜியா ரொம்' என்னும் பெயருடன், கிற்றார் கலைஞர் தம்பா றெட்டோடு இணைந்து அவர் வெளியிட்ட 'இற்ஸ் ரைற் லைக் தற்' என்னும் இசைத்தட்டு பெருவிற்பனை கண்டது. இருபொருள்படப் பாடி நகைப்பூட்டும் 'ஹோக்கம்' என்னும் பாடல்வகை அதனாற் பரவலாயிற்று.

எனினும், 1921இலேயே பப்ரிஸ்த மாநாடொன்றிற் கேட்ட பாட்டு அவரைச் சமய இசையின்பால் ஈர்த்திருந்தது. 1926இல் உளநோயுற்றுத் தேறிய காலத்திலும் அவர் சமயப் பாடல் இயற்றினார். எனவே, எள்ளலும் வழிபாடும் அவரிடத்துப் பல்லாண்டுகள் ஒருங்கே நிலவின என்பது தெளிவு.

1932 ஓகஸ்ற்றில் அவர் சென் லூயிசில் இருந்தவேளை, மனைவி நெற்றி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. இத்துயரிற் பிறந்ததே, ஆண்டவரைத் தம் கைபற்றி நடத்துமாறு வேண்டும் 'ரேக் மை ஹான்ட், பிரெஷஸ் லோட்' என்னும் பாடல். இதன்பின் அவர் நற்செய்தி இசைக்கே தம்மை உரித்தாக்கினார். துயர் அவரது பாதையை உறுதிப்படுத்தியதேயன்றி, அதனைத் தொடக்கிவைக்கவில்லை.

அவர் எதிர்கொண்ட தடை யாது? ஐரோப்பியச் செவ்விசையை மேன்மையின் அடையாளமாகக் கொண்ட வடபுலத்துக் கறுப்பினத் தேவாலயங்கள் பல, கைதட்டலையும் புளூஸ் சாயலையும் இழிவெனக் கருதின. தென்புலத்திலிருந்து பெயர்ந்துவந்த ஏழை மக்களோ, தமக்குரிய இசையைத் தேவாலயத்திற் கேட்க இயலாதிருந்தனர். 1930களின் தொடக்கத்தில் எபனேசர், பில்கிறிம் தேவாலயங்களில் அமைந்த பாடகர் குழுக்கள் வாயிலாக டோர்சி இவ்வேலியைத் தகர்த்தார். பாடல்களைத் தனித்தாள்களாக அச்சிட்டு விற்கும் முறையும், சலி மாட்டினின் நிருவாகத் திறனும் அவருக்குத் துணைநின்றன.

எளிய பேச்சுமொழி, மீள வரும் அடி, அவையோரைப் பிணிக்கும் தாளம் ஆகியன நகைச்சுவை மேடையில் அவர் கைவரப்பெற்றவை. அவற்றை அவர் கைவிடவில்லை, வழிபாட்டுக்கு உரியனவாக்கினார். 1968இல் மாட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹலியா ஜக்சன் பாடியது டோர்சியின் அப்பாடலையே. தேவாலயங்கள் ஒருகாலத்தில் இழிவென ஒதுக்கிய இசைமரபே, ஓரினத்தின் பெருந்துயரை உரைக்கும் குரலாயிற்று.