சமநிலம் தேடிய ஆட்டம்

ஹொக்கி ஆட்டத்திற்கு நூறு யார் நீளமும் அறுபது யார் அகலமும் கொண்ட சமநிலம் வேண்டும். நேயர்கள் இந்த அளவைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் செல்லும் பாதையின் இருமருங்கிலும், இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் ஏறும் மலைச்சரிவுகளிலும் அத்தகைய நிலமொன்றைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அது எத்துணை அரிய பொருள் என்பது விளங்கும். பள்ளத்தில் வயல்; அது கிராமத்தவருடையது. மேட்டில் றப்பரும் தேயிலையும், அவை கம்பெனியுடையவை. இடையில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிய லயங்கள். லயத்தின் முன்னுள்ள ஒடுங்கிய முற்றம், அதிகாலையில் ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களம், ஸ்டோர் வாசலில் உள்ள வெளி ஆகியவை போக, தோட்டத்துப் பிள்ளை ஓடியாடத் தக்க நிலம் பெரும்பாலும் வேறு கிடையாது.

நேரம் இல்லாமற் போயிற்றோ என்றால், அதுவும் முழு உண்மையன்று. தேயிலை மலையில் கொழுந்து பறிப்போர் மாலைவரை நிரையில் நிற்க வேண்டும். சப்பிரகமுவையின் தாழ்ந்த சரிவுகளிலோ றப்பரே பெரும்பயிர். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்கு வடியுமாதலால் பால்வெட்டுத் தொழிலாளி விடியலிலேயே மலைக்குச் செல்கிறார். பாலைச் சேர்த்து ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளியைவிட முன்னதாகவே வீடு திரும்புகிறார். பிற்பகலில் ஓரளவு ஓய்வு உண்டு. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்யும் இரத்தினபுரிப் பக்கத்தில் அந்தப் பிற்பகலிலும் வானம் அடிக்கடி குறுக்கிடும் என்பது வேறு விடயம். ஆயினும் இளைஞனுக்கு உடலில் வலுவும், மாலையில் சில நாழிகைப் பொழுதும் இருந்தன. இல்லாதவை எவை என்பதே நம் வினா.

ஹொக்கி இத்தீவுக்கு ஆங்கிலேயருடன் வந்தது. படைவீரர், அரச உத்தியோகத்தர், தோட்டத்துரைமார் ஆகியோர் அதனை ஆடினர். பின்னர் நகரத்துக் கல்லூரிகளில் அது வேரூன்றிற்று. மாத்தளை நகரம் அவ்வாட்டத்திற்கே பெயர்பெற்றதாயிற்று. சப்பிரகமுவையில் துரைமார் தமக்கெனக் கழகங்களை அமைத்துக்கொண்டனர். தல்தூவையில் இருந்த களனிப் பள்ளத்தாக்குக் கழகம் அவற்றுள் நன்கறியப்பட்டது; அதன் றக்பி அணி நாடறிந்தது. மலைகளுக்கு நடுவே பெருஞ்செலவில் சமப்படுத்தப்பட்ட புல்வெளிகள் அவை. தொழிலாளி அவ்வெளிக்குள் புல் வெட்டவும் உருளை இழுக்கவும் சென்றாரேயன்றி, பந்தடிக்கச் செல்லவில்லை. சில துரைமார் தொழிலாளரிடையே கால்பந்தாட்டத்தை ஊக்குவித்ததுண்டு; கால்பந்துக்கு ஒரே பந்து போதும். ஹொக்கிக்கோ ஆளுக்கொரு மட்டை வேண்டும். கரடுமுரடான தரையில் அச்சிறு பந்து எகிறிப் பல்லை உடைக்கும்.

1932 ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் விழாவுக்குக் கப்பலேறிய இந்திய ஹொக்கி அணி, வழியில் கொழும்பில் இறங்கி இலங்கை அணியுடன் ஆடி எளிதில் வென்றது. அவ்வணியின் பெருமகன் தியான் சந்த், 1922 இல் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்து அங்கேயே ஆட்டம் பயின்றவர். செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். அவருக்கு மைதானமும் மட்டையும் கற்பிப்பாரும் கொடுத்தது அவர் சேர்ந்திருந்த படை. இந்நிகழ்ச்சியை ஒரு புறம் வைத்துக்கொண்டு, நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவரின் வரலாற்றைப் பார்ப்போம்.

பூனா நகரை அடுத்த கட்கி என்னும் ஊரில் 1869 ஆம் ஆண்டு முதல் ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை உண்டு. பிழைப்புத் தேடித் தெற்கிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அப்பகுதியில் குடியேறின. அத்தொழிற்சாலையின் விளையாட்டு மைதானத்தைப் பேணும் பணியாளராக இருந்தவர் நாகலிங்கம் பிள்ளை. அவரும் ஆண்டாளம்மாளும் பெற்ற மைந்தருள் நான்காமவர் தன்ராஜ், 1968 ஜூலை 16 ஆம் நாள் பிறந்தார். வீட்டில் பல பிள்ளைகள். புதிய மட்டை வாங்கக் காசில்லை. பெரியவர்கள் ஆடி உடைத்து எறிந்த மட்டைகளைக் கட்டி ஒட்டியும், அவர்கள் கழித்துவிட்ட பந்துகளைப் பொறுக்கியும் சகோதரர்கள் ஆடினர். மண்ணும் புழுதியுமான தரையில் பழகிய கால்களும் மணிக்கட்டும் பின்னர் உலகத்தின் சிறந்த தற்காப்பாளர்களைத் திகைக்க வைத்தன.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். கட்கித் தொழிற்சாலைக் குடியிருப்பும் கேகாலைத் தோட்டத்து லயமும் பல வகையில் ஒத்தவை. இரண்டும் பிறர் நிலத்தில் பிறர் தேவைக்காக அமைந்த குடியிருப்புகள். இரண்டிலும் தமிழர் வந்தேறிய உழைப்பாளர். இரண்டிலும் வறுமை உண்டு. மைதானத்தைப் பேணும் தந்தையும் இரண்டிடத்தும் இருந்தார். கட்கியில் அந்தத் தந்தையின் பிள்ளைகள் அம்மைதானத்திலேயே ஆடினர். வேறுபாடு அதுதான். எனக்கு இது சிறிய வேறுபாடாகத் தோன்றவில்லை.

அதற்குமேலும் ஒன்று இருந்தது. இந்தியாவில் இரயில்வே, படை, விமானக் கம்பெனி, வங்கி, தொழிற்சாலை யாவும் தத்தம் ஹொக்கி அணிகளை வைத்திருந்தன. நன்கு ஆடுபவனுக்கு வேலை கிடைக்கும் என்பது ஏழை வீட்டுத் தாய்க்கும் தெரிந்திருந்தது. தன்ராஜின் அண்ணன் ரமேஷ் பம்பாயில் ஓர் உரக் கம்பெனியின் அணியில் ஆடினார். அவரைப் பின்பற்றித் தம்பியும் அந்நகருக்குச் சென்று, பின்னர் மகிந்திரா அணியில் முன்னாள் இந்திய வீரர் ஜோக்கிம் கர்வாலோவிடம் பயிற்சி பெற்றார். 1989 இல் இந்திய அணியில் இடம் கிடைத்தது. நான்கு ஒலிம்பிக் விழாக்கள், நான்கு உலகக் கிண்ணப் போட்டிகள், முந்நூறுக்கு மேற்பட்ட சர்வதேச ஆட்டங்கள் என அவருடைய கணக்கு நீள்கிறது. 1998 இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் அவர் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966 க்குப் பின் அவ்விழாவில் அந்நாடு ஹொக்கியில் பெற்ற முதல் தங்கம் அது. அவ்வெற்றிக்குப் பிறகு தலைவரும் வேறு சில முன்னணி வீரரும் அணியினின்று விலக்கப்பட்டனர். ஓய்வளித்தோம் என்று காரணம் கூறப்பட்டது. ஆட்டத்தில் எவ்வளவு விரைவோ, பேச்சிலும் அவ்வளவு விரைவானவர் தன்ராஜ். வீரர்களின் படிப்பணத்திற்காக வாய்திறந்தது ஆளும் மன்றத்தாருக்கு உவப்பாயிருந்திராது. ஏழை வீட்டு இளைஞன் உச்சிக்கு ஏறிய பின்னும் அவனுக்கு வேண்டுவது புகழ்மாலை மட்டுமன்று.

இனி, நம் தோட்டங்களுக்கே திரும்புவோம். கேகாலை மாவட்டத்தில் நேவ்ஸ்மியர் என்ற தோட்டம் ஒன்று உண்டு. நம்மவர் அதனை உருளவள்ளி என்பர். கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அரசாங்கம் அந்நிலத்தை எடுத்தபோது, அங்குக் குடியிருந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. அவர்கள் மறுத்தனர். 1946 இல் அவர்களுக்காகச் சுற்றியுள்ள தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. நிலமற்ற கிராமத்தவரின் தேவை பொய்யானதன்று. ஆனால் தலைமுறையாக உழைத்தவன் தான் படுத்துறங்கும் அறைக்கே உரிமையற்றவன் என்பதை உருளவள்ளி உலகறியச் செய்தது. உறங்கும் இடம் உறுதியில்லாதவன் விளையாடும் இடம் கேட்பது எப்படி?

பின்னர் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் ஒப்பமிட்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னொரு நாளுக்கு ஒதுக்கிவைத்தது. அரசியலார் இதனைப் பலவாறு ஆராய்ந்துள்ளனர். விளையாட்டு நோக்கில் ஒருவர் பார்த்தால் தோன்றுவது இது: பன்னிரண்டு வயதில் கால்விரைவும் கைத்திறனும் காட்டும் ஒரு பையனைக் கண்டெடுத்து ஆறாண்டு பழக்க வேண்டும். அவன் பதினெட்டு வயதில் எந்த நாட்டில் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியரும் அறியார், பெற்றோரும் அறியார். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியவர்களுள் எத்தனை ஓட்டக்காரர், எத்தனை ஆட்டக்காரர் இருந்தனரோ, கணக்கெடுத்தார் எவருமில்லை.

தேசிய அளவில் விளையாட்டுக்கென அமைப்புகள் உருவானதும் இதே காலத்திலேதான் என்பது கவனிக்கத் தக்கது. 1966 இல் விளையாட்டுத்துறைக்கென ஓர் அமைச்சு தோன்றிற்று. 1973 இல் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் நிறைவேறிற்று. 1979 இல் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்திற்கான சட்டம் வந்தது. பாடசாலை, பிரதேசம், மாவட்டம், மாகாணம், நாடு எனப் படிப்படியாக ஏறும் போட்டிமுறை அமைந்தது. நல்ல ஏணிதான். ஆனால் ஏணியின் முதற்படி பாடசாலை. தோட்டப் பாடசாலைகளோ அரசாங்கம் எழுபதுகளில் பொறுப்பேற்கும்வரை பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியரும் கொண்டு, ஐந்தாம் வகுப்போடு நின்றவை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் எதிர்வீரசிங்கம் 1958 இல் தோக்கியோ ஆசிய விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் பெற்றார். முத்தையா முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்டத்திற்கென வந்தவர். எனினும் பேரன் பந்துவீசப் பயின்றது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில். இருவர்க்கும் பின்னால் மைதானமுள்ள ஒரு கல்லூரி நின்றது.

சப்பிரகமுவை மண்ணில் திறமை விளையாது என்று எவரும் கூற முடியாது. கேகாலை மாவட்டம் வரக்காப்பொலைப் பகுதியின் சிற்றூரொன்றில் வறிய சிங்களக் குடும்பத்தில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 2000 ஆம் ஆண்டு செப்டெம்பரில் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். முதலில் வந்தவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கம் இழந்தபின், 2009 இல் அது வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 1948 இல் டங்கன் வைட் பெற்ற வெள்ளிக்குப் பிறகு இலங்கை கண்ட ஒலிம்பிக் பதக்கம் அதுவே. ஓடத் தகுந்த சப்பாத்தும் இல்லாதிருந்த அப்பெண்ணை ஏந்திக்கொண்டது இராணுவத்தின் விளையாட்டுப் பிரிவு. அதே வாரத்தில், அதே நகரில், போலந்துக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் விழுந்த ஒரு கோலினால் அரையிறுதி வாய்ப்பிழந்து நின்றது தன்ராஜின் அணி. கட்கியிலிருந்து ஒருவரும் கேகாலையிலிருந்து ஒருவரும் சிட்னி வரை சென்றனர். ஒருவரைத் தொழிற்சாலை மைதானமும் கம்பெனி அணிகளும் அனுப்பின, மற்றவரைப் படை அனுப்பிற்று.

தோட்டத்து இளைஞனை அனுப்பக் கடமைப்பட்டது எது? முதலாளியே அவனுக்கு வீடும் வைத்தியமும் பள்ளியும் கொடுத்த காலம் இருந்தது. ஆயினும் நகரத்து வங்கிகளைப்போல் வேலையும் அணியும் ஒருங்கே தந்த தோட்டக் கம்பெனி அரிது. இந்திய நாட்டில் ஒடிசா மாநிலம் வேறொரு வழியைக் காட்டிற்று. சுந்தர்கர் மாவட்டத்துப் பழங்குடிச் சிறுவர்கள் மூங்கிலையும் மரக்கிளையையும் மட்டையாக்கி ஆடுவதைக் கண்டு, ரூர்கேலாவை அடுத்த பான்போஷ் என்னுமிடத்தில் விளையாட்டு விடுதி அமைத்து, உணவும் படிப்பும் பயிற்சியும் அளித்தது அரசு. அம்மாவட்டத்திலிருந்து வந்த திலீப் திர்க்கி இந்திய அணிக்குத் தலைவரானார். அசாம் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களும் இப்பழங்குடிகளின் இனத்தவரே. தமிழ்நாட்டில் கோவில்பட்டியும் இத்தகைய சிறப்புப் பயிற்சி விடுதியால் பயன்பெற்றது. அங்குப் பயின்ற மாரீஸ்வரனும் கார்த்தியும் 2022 இல் ஆசியக் கிண்ணத்திற்குச் சென்ற இந்திய அணியில் இடம்பெற்றனர்.

1976 மொன்றியல் ஒலிம்பிக் முதல் ஹொக்கி செயற்கைத் தளத்திற்கு மாறிவிட்டது. அத்தளம் கோடிக்கணக்கில் பணம் கேட்பது. தளமும் ஆட்களும் குறைந்த நாடுகள் பின்தங்கின. 2018 ஜகார்த்தா ஆசிய விழாவில் இலங்கை அணி இந்தியாவிடம் இருபது கோல்களால் தோற்றது. எனினும் சிறுவன் மட்டை பிடிக்கப் பழகுவதற்குச் செயற்கைத் தளம் வேண்டியதில்லை. கட்கியிலும் சுந்தர்கரிலும் அது இருக்கவில்லை. வேண்டியது நாம் தொடக்கத்தில் அளந்த சமநிலமே.

அந்நிலத்தை அமைக்கவும் சட்டம் நெடுங்காலம் குறுக்கே நின்றது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம், சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குப் பெருந்தடையாயிருந்தது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்த தோட்டத்து மக்கள், அவ்வுறுப்பினரைக் கொண்டு ஒரு பாதையையோ மைதானத்தையோ பெற முடியாத விந்தை முப்பதாண்டுகள் நீடித்தது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நிலம் இன்னும் அரசுக்குரியது. குத்தகை 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் உள்ளது. ஆகவே கம்பெனியின் இசைவும் வேண்டும். பால் வற்றிய முதிய றப்பர் மரங்களை வெட்டி மறுநடுகை செய்யும் காலத்தில் ஒவ்வொரு தோட்டத்திலும் சில ஏக்கர் நிலம் வெறுமையாய் நிற்கும். நூறு யாருக்கு அறுபது யார் என்பது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றே குறைவு. அம்மரங்கள் விழும் பருவத்தில் யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் பலாங்கொடையிலும் உள்ள சபைகள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதலாம்.