மாலுமின்னா முதல்ல வாத்தியார்

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் யாரைக் கேட்டாலும், மாலுமின்னா கப்பல்ல வேலை பாக்குறவர்னு சொல்லுவாங்க. ஆனா அந்தச் சொல் கிளம்பின இடத்துல அதுக்கு அர்த்தம் வாத்தியார்.

அரபியில இல்ம் என்றால் அறிவு. அறிந்தவர் ஆலிம். கற்றுத் தருபவர் முஅல்லிம். இந்திப் படத்துல கேக்குற 'மாலூம்' கூட இதே வேர்தான். இந்தியப் பெருங்கடல் கப்பல்கள்ல நட்சத்திரம் பாத்து வழி சொல்றவருக்கு இந்த முஅல்லிம் பட்டம் வந்துச்சு. 1498-ல் வாஸ்கோ ட காமாவுக்கு மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு வழி காட்டினவரை, போர்த்துகீசிய வரலாற்றாசிரியர் பாரோஸ் 'மலேமோ கானா'ன்னு எழுதுறார். அந்த மலேமோ, முஅல்லிம்தான்.

அங்கிருந்து சொல் பிரியுது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில 'ம்வாலிமு'. அங்க இன்னைக்கும் ஆசிரியர்னுதான் பொருள். பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தின ஜூலியஸ் நைரேரே தான்சானியாவோட அதிபரான பிறகும் மக்கள் அவரை அப்படித்தான் கூப்பிட்டாங்க. இந்தோனேசியாவுல 'முஆலிம்' கப்பல் அதிகாரி. நம்ம கரையிலதான் பட்டம் தேய்ஞ்சு, கப்பல்ல இருக்குற எல்லாருக்கும் பொதுப்பேரா ஆயிடுச்சு. வாத்தியார்ங்கிற பொருள் சுத்தமா மறந்துபோச்சு.

ஆனா பாடம் இங்கயும் இருந்துச்சு. சோழமண்டலக் கரை மாலுமிகளோட கருவிகளைப் பத்தி காங்கிரீவ்னு ஒருத்தர் 1850-ல், சென்னையிலிருந்து வந்த ஒரு ஆங்கில இதழ்ல எழுதியிருக்கார். அதுல ஒண்ணு, முடிச்சுப் போட்ட கயிறு கட்டின சின்ன மரப்பலகை. கயிறைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, பலகையோட கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடுற மாதிரி பிடிக்கணும். வடக்கே போகப் போக நட்சத்திரம் உயரும், கயிறு குறையும். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகம். ஜிபிஎஸ் இல்லாத காலத்துல அந்தக் கயிறுதான் மேப்.

காசிமேட்டுல வாடைக்காத்தையும் நீரோட்டத்தையும் பாத்தே வலை போடுற பெரியவரை நாம "படிக்காதவர்"னு சட்டுனு சொல்லிடுறோம். எனக்கு அது உறுத்துது. பழைய கப்பல்கள்ல, கடலைத் தெரிஞ்சவரைத்தான் வாத்தியார்னு கூப்பிட்டாங்க.

சென்னையில துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து சுமார் 13 பாகை உயரம். கையை நீட்டி மடக்கின முஷ்டி கிட்டத்தட்ட 10 பாகை. ராத்திரி காசிமேடு போனா எண்ணூர் பக்கம் திரும்பி அளந்து பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.